கடைசிச் சரணத்தில் ஒரு விம்மல்

"அழுற இடத்த மட்டும் இன்னொரு தடவை போடு" என்றார் லோரீன் பிக்கெட்.

நான் டேப்பைப் பின்னால் ஓட்டிவிட்டுப் போட்டேன். இது ஏழாவது தடவை. ஏழு தடவையும் எதிர் நாற்காலியில் இருந்த இர்மா ஜீன் ஹார்கிஸ் கைக்குட்டையைத் தேடினார். நானே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இத்தனைக்கும் நான் கல்நெஞ்சக்காரன். பாட்டு எழுதிப் பிழைக்கலாம் என்று நாஷ்வில்லுக்கு வந்து, எழுதிய அத்தனை பாட்டையும் ஊரிலுள்ள அத்தனை கம்பெனியும் திருப்பி அனுப்பிவிட்டதால் துப்பறியும் லோரீனின் உதவியாளனாக ஆனவன். என் பெயர் டூயி ஸ்னீட். ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, யாரும் வைத்துக்கொள்வதில்லை.

டேப்பில் ஒரு கிதார். கூடவே ஒரு ஆண் குரல். அமெரிக்காவில் ரேடியோ வைத்திருக்கிற எவருக்கும் தெரிந்த பாட்டு, 'இரண்டு தட்டு'. முதல் இரண்டு சரணமும் விட்டுப்போன பெண்டாட்டியை வறுத்தெடுக்கும். மூன்றாவதில் ஆள் உடைந்துபோவான். தப்பெல்லாம் என் மேலதான், உன் தட்டு மேசையிலயே இருக்கு, வந்து உட்காரு என்பான். 'தப்பு' என்கிற இடத்தில் அந்தக் குரலில் ஒரு விம்மல் வரும். அந்த ஒரு விம்மலால் க்ளெல் ஹார்கிஸ் பதினேழு வருஷம் பெரிய ஆளாக இருந்தார். மூன்று மாதம் முன்புதான், 1983 ஜூலையில், செத்துப்போனார். அவருடைய மனைவிதான் இந்த இர்மா ஜீன்.

"போன வாரம் தபால்ல வந்துது" என்றார் அவர். "பேரு இல்ல, கடிதம் இல்ல. இந்தப் பெட்டிக்குள்ள இந்த டேப் மட்டும். ரெகார்டுல இருக்கிறது இல்ல இது. யாரோ ஒரு கிதார் மட்டும் வாசிக்க, அவர் தனியாப் பாடினது."

"என்ன வேணும் உங்களுக்கு?" லோரீன் எப்போதும் இப்படித்தான். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

இர்மா ஜீன் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, வலது காதை எங்கள் பக்கம் வைத்துக்கொண்டார். "இடது பக்கம் கேக்காது. அவர் குடுத்த பரிசு" என்றார், சாதாரணமாக. "அறுபத்தாறுல அதுக்கப்புறம்தான் வீட்டவிட்டுக் கிளம்பினேன். மூணு மாசம் அம்மாகிட்ட இருந்தேன். ஒரேயடியா லூயிவில்லுக்குப் போயிடலாம்னு ஜூன் மாசம் பெட்டியக் கட்டினேன். வழியில பவுலிங் கிரீன்ல பெட்ரோல் போடறப்போ ரேடியோவுல இந்தப் பாட்டு. அந்த மூணாவது சரணம்." கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டார். "வண்டியத் திருப்பிட்டேன்."

லோரீன் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அதுக்கப்புறம் அவர் மாறிட்டாரான்னு கேக்காதீங்க. மாறல. ஆனா ஒரு தடவை மன்னிப்புக் கேட்டாரு. ஊர் உலகமே கேக்கற மாதிரிக் கேட்டாரு. அத வச்சுக்கிட்டுத்தான் நான் இத்தனை வருஷம் ஓட்டினேன். இப்போ இந்த டேப் வந்திருக்கு. அவர் வீட்டுலயோ எங்கயோ தனியா உக்காந்து எனக்காகப் பாடி வச்சிருக்காருன்னா, இன்னும் ஏதாவது பேசியும் வச்சிருப்பாரு. மிச்சம் யாரோ வச்சிருக்காங்க. எனக்கு அது வேணும், மிஸ் லோரீன். நாளைக்கு மத்தியானம் அஞ்சலி நிகழ்ச்சி. ரேடியோவுல நேரடியாப் போடறாங்க. நான் மேடையில நின்னு, இந்தச் சரணம் எனக்காகப் பாடினதுன்னு சொல்லணும். அதுக்கு முன்னாடி அவர் சொன்னதெல்லாத்தையும் கேட்டுடணும்."

டேப் வந்த அட்டைப் பெட்டியை எங்களிடம் கொடுத்துவிட்டு அவர் கிளம்பினார். பெட்டியின் உள்பக்கம் பென்சிலால் எண்கள் எழுதியிருந்தன. ஒன்று, ஒன்று, நான்கு, ஒன்று, ஐந்து... அவருடைய மருமகன் அதை டெலிபோன் நம்பர் என்று நினைத்து ஒரு பகல் முழுக்கச் சுழற்றியிருக்கிறார். பாவம், யாரும் எடுக்கவில்லை.

*

கதவு சாத்தியதும் லோரீன் காபியை ஊற்றிக்கொண்டார். துப்பறிய வருவதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் வாத்தியக்காரர்கள் சங்க ஆபீஸில் டைப் அடித்தவர். இந்த ஊரில் எந்த ரெகார்டுக்கு எவன் எந்த வாத்தியம் வாசித்தான் என்பது அவருக்குத் தெரியும்.

"என்ன கேட்டே, டூயி?"

"ஒரு மனுஷன் அழுதான் மேடம். நான் எழுதின பாட்டக் கேட்டு ஜனங்க அழுதிருக்காங்க, பாடறவனே அழறத இந்தப் பாட்டுலதான் கேக்கறேன்."

"அவன் அழறப்போ கிதார் என்ன ஆச்சு?"

யோசித்தேன். "அதுவும் நின்னுடுச்சு."

"கிதார்காரன் எதுக்கு நிறுத்தணும்? அவனுக்கென்ன, அவன் பெண்டாட்டியா ஓடிப்போனா?"

எனக்கு மெதுவாக விளங்கியது. "பாடினவனும் வாசிச்சவனும் ஒரே ஆள்."

"க்ளெல் கிதார் வாசிப்பாரா?"

சிரித்துவிட்டேன். க்ளெல் ஹார்கிஸுக்குப் பதினாறு வயதிலேயே மர அறுப்பு மில்லில் இடது கை விரல் இரண்டு போய்விட்டது. இது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். மேடையில் கிதாரைக் கழுத்தில் மாட்டியிருந்ததெல்லாம் தொப்பையை மறைக்கத்தான். பின்னால் நிற்கிறவன் வாசிப்பான், இவர் கையை மேலும் கீழும் ஆட்டுவார்.

"சரி. இந்தப் பாட்ட அவர் மேடையில பாடி எத்தனை தடவை பாத்திருக்கே?"

"ஆறேழு தடவை இருக்கும்."

"மூணாவது சரணத்துல என்ன பண்ணுவாரு?"

"தொப்பியக் கழட்டி நெஞ்சுல வச்சுக்குவாரு. தலையக் குனிஞ்சுக்குவாரு. கூட்டம்தான் பாடும். அவரால பாட முடியாது மேடம், துக்கம் தாங்காது. இது எல்லாருக்கும் தெரியுமே."

"பதினேழு வருஷம். ஒரு ஊர்லகூட, ஒரு நாள்கூட அவருக்குத் தாங்கல?" லோரீன் கோப்பையை வைத்தார். "அழுது பாடி ரெகார்டு போட்டவன் ஒரு தடவையாவது மேடையில பாடிப் பாப்பான் டூயி. இவர் பாடவே இல்ல. அந்தச் சரணத்த அவர் எப்பவுமே பாடினதில்லன்னா?"

கையிலிருந்த பென்சிலை மேசையில் வைத்துவிட்டேன்.

"பெட்டியில இருக்கிறது டெலிபோன் நம்பரா?"

"இல்ல மேடம், அது எனக்கே தெரியும். சுரத்துக்கு நம்ம ஆளுங்க போடற எண். வாத்தியக்காரன் பாத்து வாசிக்கறதுக்கு."

"வீட்டுல உக்காந்து பெண்டாட்டிய நெனச்சு அழறவன் அத எழுத மாட்டான். இது பாட்ட விக்கறதுக்காக மாதிரிக்குப் பாடின டெமோ டேப்."

இதைச் சொன்னதும் எனக்கு முழுப் படமும் தெரிந்துவிட்டது. எங்கள் ஊர் வழக்கம் அது. ஒரு பாட்டை ஒரு பெரிய பாடகரிடம் விற்க வேண்டுமென்றால், அதை அவர் பாடுகிற மாதிரியே பாட ஒரு ஆளைப் பிடிப்பார்கள். பெரியவர் அந்த டேப்பைக் கேட்டு, அட, இது எனக்கென்றே எழுதினது என்று நினைத்துக்கொள்ள வேண்டும். க்ளெல்லுக்குப் பாட்டு விற்க க்ளெல் மாதிரியே பாடத் தெரிந்த ஆள் வேண்டும். அப்படிப்பட்ட ஆட்களின் பெயர் எந்த ரெகார்டிலும் வராது, சங்கத்தின் எந்தக் காகிதத்திலும் வராது.

"அப்போ ரெகார்டுல இருக்கிற விம்மலும்..."

"தெரியல. அதக் கேக்கத்தான் போறோம். தபால் முத்திரை எந்த ஊரு?"

"லாரன்ஸ்பர்க். தெற்கே எண்பது மைல். அங்க போய் யாருன்னு கேப்பீங்க? 'க்ளெல் மாதிரிப் பாடறவன் யாரு'ன்னா டென்னசியில பாதிப் பேரு கையத் தூக்குவான்."

"நான் எதுவும் கேக்கப் போறதில்ல" என்றார் லோரீன்.

*

லாரன்ஸ்பர்க் கோர்ட்டுக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் மத்தியானக் கூட்டம். வறுத்த கெளுத்தி மீன், கீரை, சோளரொட்டி. எனக்கு இந்தத் தொழிலில் பிடித்த ஒரே பகுதி இதுதான். பரிமாறிய பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும், சட்டையில் ஓபல் என்று பெயர் தைத்திருந்தது.

லோரீன் மேசைமேல் சின்ன டேப் ரெகார்டரை வைத்து, பொத்தானை அழுத்திவிட்டுக் கீரையைச் சாப்பிட ஆரம்பித்தார்.

பக்கத்து மேசை லாரி டிரைவர் தலையைத் தூக்கினார். "க்ளெல். பாவம் மனுஷன்" என்றார். வெளியூர்க்காரர். மூலையிலிருந்த இன்னொருவரும் க்ளெல் என்றுதான் சொன்னார். நான் லோரீனைப் பார்த்தேன். அவர் கீரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓபல் ஐஸ் டீ ஜாடியோடு வந்தவள் அப்படியே நின்றாள். "அட, நம்ம ஹாலிஸ எதுக்கு டேப்புல புடிச்சு வச்சிருக்கீங்க?"

"க்ளெல் ஹார்கிஸ் இல்லியா இது?" என்றேன், அப்பாவியாக.

"போ கண்ணு. எங்கம்மா சாவுக்கு அவருதான் பாடினாரு, எனக்குத் தெரியாதா? ஹாலிஸ் பீஸ்லி க்ளெல் மாதிரியே பாடுவாரு. நாங்க கேலிகூடப் பண்ணுவோம். ஆனா ஒண்ணு, இந்தக் கடைசிச் சரணத்துல மட்டும் க்ளெல்லயே தூக்கிச் சாப்பிட்டுடுவாரு."

லோரீன் டேப்பை நிறுத்தினார். "இப்போ எங்க இருப்பாரு?"

"மணி ரெண்டு இருபது. ஸ்கூல் வாசல்ல மஞ்ச பஸ்ஸுல உக்காந்திருப்பாரு. ரெண்டே முக்காலுக்கு மணி அடிச்சா கிளம்பிடுவாரு. அதுக்குள்ள போங்க."

என் தட்டில் பாதி மீன் இருந்தது. லோரீன் கதவருகில் போய்விட்டார். இந்த அம்மாவிடம் வேலை பார்த்து நான் ஒரு வேளை முழுதாகச் சாப்பிட்டதாகச் சரித்திரமே இல்லை.

*

பஸ்ஸின் டிரைவர் சீட்டில் ஒல்லியாக, நெடுநெடுவென்று ஒருவர் சாய்ந்திருந்தார். அறுபதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். லோரீன் கதவைத் தட்டியதும் நெம்புகோலை இழுத்துத் திறந்தார்.

"வழக்கமா ஏத்தற பசங்கள விடக் கொஞ்சம் பெருசா இருக்கீங்களே" என்றார். பேசும் குரல் வேறாகத்தான் இருந்தது. தணிந்த, சாதாரணக் குரல்.

லோரீன் முதல் சீட்டில் உட்கார்ந்தார். "சங்க ஆபீஸ்ல டைப் அடிச்சவ நான். 1966 ஏப்ரல் பன்னண்டு, மத்தியானம் ரெண்டுலேருந்து அஞ்சு வரைக்கும் க்ளெல் ஹார்கிஸ் ரெகார்டிங். நாலு பாட்டு. ஏழு வாத்தியக்காரங்க பேரு நானே அடிச்சேன். உங்க பேரு அதுல இல்ல."

ஹாலிஸ் பீஸ்லியின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இருக்காது மேடம். நான் பின்வாசல் வழியா வந்தேன்" என்றார். "அந்தம்மா அனுப்பினாங்களா?"

"ஆமா."

பள்ளிக்கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பதினைந்து நிமிஷம் இருந்தது.

"அந்தப் பாட்ட எழுதினவன் ரெண்டு சரணத்தோட நிறுத்திட்டான்" என்று ஆரம்பித்தார். "திட்டறதோடயே பாட்டு முடிஞ்சுபோச்சு. மாதிரி பாடறதுக்கு என்னக் கூப்பிட்டாங்க. அப்போ எனக்கு மனசு சரியில்ல. மூணாவது நான் எழுதிச் சேத்தேன். எப்பவும் க்ளெல் மாதிரிதான் பாடுவேன், அதுக்குத்தான் கூப்பிடுவாங்க. அந்தச் சரணத்துல மட்டும் முடியல. உடைஞ்சுபோச்சு. அழிச்சுட்டுத் திரும்பப் பாடறேன்னேன். வேணாம், இப்படியே இருக்கட்டும்னுட்டாங்க."

"ரெகார்டிங் அன்னைக்கு?"

"அது கடைசிப் பாட்டு. அஞ்சடிக்க இருவது நிமிஷம். க்ளெல் முதல் ரெண்டு சரணத்தையும் ஒரே மூச்சுல பாடிட்டாரு, பிரமாதமா. மூணாவது வந்ததும் நிறுத்திட்டாரு. காகிதத்தப் பாத்தாரு. 'இத நான் பாட மாட்டேன். தப்பு என் மேலன்னு நான் எந்தப் பொம்பளகிட்டயும் சொன்னதில்ல, சொல்லவும் மாட்டேன்'னாரு. தொப்பியப் போட்டுக்கிட்டுப் போயே போயிட்டாரு. இதெல்லாம் அங்க இருந்தவங்க சொன்னது. எதிர்க் கட்டடத்துல உக்காந்திருந்த என்ன ஒருத்தன் ஓடி வந்து இழுத்துட்டுப் போனான். 'டெமோவுல எப்படிப் பாடினியோ அதே மாதிரி'ன்னாங்க. எல்லா நாளும் அவர மாதிரிப் பாடினேன் மேடம். அன்னைக்குத்தான் என்ன மாதிரியே பாடச் சொன்னாங்க. ஒரே தடவைதான் பாடினேன். வாத்தியக்காரங்க யாரும் என் மூஞ்சியப் பாக்கல."

"யாருக்காக அழுதீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. லோரீன் முறைத்தார்.

"வெர்னா. என் சம்சாரம்." அவர் என்னைப் பார்க்காமல் கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். "எங்களுக்கு ஒரு குழந்தை பொறந்து பதினோரு நாள்ல போயிடுச்சு. அத அடக்கம் பண்றப்போ நான் டெக்சாஸ்ல எவனோட பாண்டுலயோ வாசிச்சுக்கிட்டிருந்தேன். வரேன்னு சொன்னேன், வரல. ஒரு நிகழ்ச்சிதானே, முடிச்சிட்டுப் போயிடலாம்னு நெனச்சேன். வந்து பாத்தா அவ இல்ல. டிக்சன்ல அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா."

பஸ்ஸுக்குள் வெயில் சூடாக அடித்தது. வழக்கமாக எனக்கு வாயில் ஏதாவது ஒரு கிண்டல் வந்து நிற்கும். அன்று ஒன்றும் வரவில்லை.

"பாட்ட அவங்க கேட்டாங்களா?" லோரீன் குரலை இறக்கிக் கேட்டார்.

"கேட்டா மேடம். நாடே கேட்டுதே. ஜூன் மாசம் டெலிபோன் பண்ணேன். 'ரேடியோவுல க்ளெல் ஹார்கிஸ் பாட்டு கேட்டியா? ஆம்பளன்னா அப்படித் தப்ப ஒத்துக்கணும். உன் வாயிலேருந்து அப்படி ஒரு வார்த்தை வருமா?'ன்னா. வெளிய சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன். ஆனாலும் சொன்னேன். 'அது நான்தான் வெர்னா, உனக்காகப் பாடினது'ன்னேன்." அவருடைய கை ஸ்டியரிங்கில் இறுகியது. "சிரிச்சா. 'அடுத்தவன் அழுகையக்கூட விட மாட்டியா ஹாலிஸ்'னு கேட்டுட்டு வச்சுட்டா. அப்புறம் என்கூடப் பேசவே இல்ல. எழுபத்தி நாலுல போய்ச் சேந்துட்டா."

லோரீன் கைப்பையிலிருந்து அந்த அட்டைப் பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இத்தனை வருஷம் கழிச்சு இப்போ எதுக்கு அனுப்பினீங்க?"

"க்ளெல் அடக்கத்த ரேடியோவுல போட்டாங்க. அந்தம்மா பேசினாங்க. அந்தச் சரணம் எனக்காகப் பாடினது, அதக் கேட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினேன்னாங்க. என்னால தாங்க முடியல மேடம். இருந்தது அது ஒண்ணுதான், அதுவும் வெர்னாவோடது இல்லன்னு ஆகிப்போச்சேன்னு இருந்துது. மூணு மாசம் மனசுக்குள்ளயே வச்சிருந்து, யாராவது ஒருத்தருக்குத் தெரியணும்னு அனுப்பினேன். பேரு போட தைரியம் வரல. அனுப்பின மறுநாளே தப்புன்னு தெரிஞ்சுடுச்சு."

மணி அடித்தது. பள்ளிக்கூடக் கதவு திறந்து பிள்ளைகள் கூச்சலோடு ஓடி வந்தார்கள். ஹாலிஸ் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்ககிட்ட சொல்லாதீங்க" என்றார் எழுந்தபடி. "அவங்களாவது திரும்பிப் போனாங்களே. அது இருக்கட்டும்."

*

திரும்பி வருகிற வழியில் முப்பது மைல் வரை நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது சாதனை.

"மேடம், கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லிடலாம்."

"ம்."

"அந்தம்மாவுக்கு இருக்கிறது அது ஒண்ணுதான். காது போச்சு, பதினேழு வருஷம் போச்சு. அவரே சொல்லாதீங்கன்னுட்டாரு. யாருக்கு என்ன நஷ்டம்?"

லோரீன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏற்கெனவே ஒரு பொய்ய நம்பி அந்தம்மா வண்டியத் திருப்பியாச்சு டூயி. இன்னொண்ணு நான் சொல்ல மாட்டேன்."

"நீங்க கல்லு மேடம்."

"தெரியும்" என்றார். அவருடைய கண் சிவந்திருந்தது.

*

மறுநாள் சனிக்கிழமை, பதினொன்றரை மணி. அரங்கத்தின் பின்னால் ஒரு சின்ன அறையில் இர்மா ஜீன் கறுப்பு உடையில் தயாராக உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"கண்டுபிடிச்சிட்டீங்க. மிச்சம் இருக்கா?"

"மிச்சம் இல்ல" என்றார் லோரீன். அவருடைய வலது பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழுவதும் சொன்னார். ஹாலிஸ், வெர்னா, பதினோரு நாள் குழந்தை, டெலிபோன், எதையும் விடவில்லை. க்ளெல் ஏன் போனார் என்பதை மட்டும் சொல்லாமல் தாண்டினார். லோரீன் எதையும் தாண்டி நான் பார்த்தது அன்றுதான்.

இர்மா ஜீன் அதைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்குக் குடிச்சிருந்தாரா?"

"இல்ல."

"தொண்ட கட்டியிருக்கும். ஏப்ரல் மாசம் அவருக்கு எப்பவும் தொண்ட கட்டும்."

"நல்லா இருந்துது. முதல் ரெண்டு சரணத்தையும் ஒரே மூச்சுல பாடியிருக்காரு."

"பின்ன ஏன்?"

லோரீன் கைப்பையின் வாரைச் சரிசெய்தார்.

"சொல்லுங்க மிஸ் லோரீன். அதுக்குத்தானே உங்களக் கூப்பிட்டேன்."

"அந்த வரியப் பாட மாட்டேன்னுட்டாரு. தப்பு என் மேலன்னு எந்தப் பொம்பளகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கைக்குட்டையை மடித்தார், இன்னொரு தடவை மடித்தார்.

"சொல்லியிருப்பாரு" என்றார் கடைசியில். "அப்படியேதான் சொல்லியிருப்பாரு. எனக்கு அவர் குரல்லயே கேக்குது." பிறகு நிமிர்ந்தார். "அந்தப் பொண்ணு பேரு என்ன சொன்னீங்க?"

"வெர்னா. வெர்னா பீஸ்லி."

"தம்பி, எழுதிக் குடு. மேடையில மறந்துடும்."

ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு நேராக மேடைக்குப் போனார். நாங்கள் திரைக்குப் பக்கத்தில் நின்றோம். அரங்கம் முழுக்க ஜனம். அறிவிப்பாளர் கண்ணீரும் கம்பலையுமாக அவரை மைக்குக்கு அழைத்தார்.

"இப்போ ஒரு பாட்டுப் போடுவாங்க" என்றார் இர்மா ஜீன். "அதுல முதல் ரெண்டு சரணம் என் புருஷன் பாடினது. நல்லாப் பாடியிருப்பாரு, கேளுங்க. மூணாவது அவர் பாடினது இல்ல. அது லாரன்ஸ்பர்க்ல ஸ்கூல் பஸ் ஓட்டற ஹாலிஸ் பீஸ்லி பாடினது. அவரே எழுதினது. அவரோட சம்சாரம் வெர்னாவுக்காக எழுதினது. அந்தம்மா அத நம்பல. நம்ப வேண்டியவங்க நம்பல, நம்பக் கூடாத நான் நம்பிட்டேன். அவங்க இப்போ இல்ல. உங்கள்ல யாராவது டிக்சன் பக்கம் போனா, அவங்க கல்லறையில நின்னு இதச் சொல்லிடுங்க. ஹாலிஸ், கேட்டுக்கிட்டிருந்தீங்கன்னா, நான் எடுத்துக்கிட்டதத் திருப்பிக் குடுத்துட்டேன்."

கைதட்டல் இல்லை. இருமல்கூட இல்லை. அறிவிப்பாளர் வாயைத் திறந்தபடி நின்றார். என்ன செய்வதென்று தெரியாத எவனோ, காகிதத்தில் இருந்தபடியே ரெகார்டைப் போட்டுவிட்டான்.

இர்மா ஜீன் எங்களைத் தாண்டிப் பின்பக்க நடைவழிக்குப் போனார். நாங்களும் பின்னால் ஓடினோம். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். இப்போதுதான் உதடு துடித்தது. லோரீன் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். லோரீன் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

"பதினேழு வருஷம் லோரீன். ஒரு தடவகூட அவர் சொல்லல. சொல்லிட்டாருன்னு நானா நெனச்சுக்கிட்டு, எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன்."

"தெரியும்மா."

உள்ளே க்ளெல் ஹார்கிஸ் விட்டுப்போனவளைத் திட்டிக்கொண்டிருந்தார். கம்பீரமான குரல், அதை யாரும் மறுக்க முடியாது. இரண்டாவது சரணம் முடியும்வரை இர்மா ஜீன் அசையாமல் கேட்டார். பிறகு வாத்தியங்கள் தணிந்தன.

"கதவச் சாத்து தம்பி" என்றார். "அடுத்தது என்னோடது இல்ல."